மார்ஜரியின் வாலில் கட்டிய சிவப்பு நாடா

வேட்டை நாள் காலையில் லாயத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் தேடுவது ஒரு வாளியைத்தான். சேணம், கடிவாளமெல்லாம் அதற்குப் பிறகு. தீவன அறைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில் அந்த வாளியை வைப்பேன். பக்கத்தில் ஒரு துண்டும் நாலு புதினா மிட்டாயும். கொஞ்ச நேரத்தில் கேப்டன் ஆப்ரி வெக்ஸ்கம் வருவார். சிவப்புக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, முகம் பார்க்கும்படி பளபளக்கும் பூட்ஸ். நேரே மூலைக்குப் போய்க் குனிந்து, முந்தின நாள் தின்றதையெல்லாம் கொட்டுவார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, ஒரு மிட்டாயைப் போட்டுக்கொண்டு, "எந்தக் குதிர, ஈனாக்?" என்று என்னைக் கேட்பார். குரல் நடுங்காது. கைதான் நடுங்கும். அதை மறைக்கக் கையுறை இருந்தது.

அவருக்குக் குதிரை என்றால் பயம். அவர் குதிரைப்படை அதிகாரி. அவருடைய அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா எல்லோரும் குதிரைப்படை அதிகாரிகள். இந்தப் பயத்தைப் பற்றி இன்றைக்கு எங்கள் ஊரில் சொன்னால் என்னைத்தான் அடிக்க வருவார்கள். சொல்கிறேன், கேளுங்கள்.

தார்ன்லா மாளிகையில் என் அப்பா தலைமைக் குதிரைக்காரர். நான் ஈனாக் பேட்லி, லாயத்து மாடியில் பிறந்தவன். கேப்டன் அந்த மாளிகைப் பிரபுவின் இரண்டாவது மகன், எங்களுக்குச் சின்ன துரை. ஏழு வயதில் அவர் ஏறியிருந்த மட்டக்குதிரை ஒரு வாய்க்காலைத் தாண்டும்போது கால் இடறி, அவரோடு சேர்ந்து உள்ளே விழுந்தது. அடியில் அவர், மேலே குதிரை. கயிறு கட்டி இழுத்து எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் அதன் கண் அவர் கண்ணுக்கு நாலு விரல் தூரத்தில் உருண்டுகொண்டிருந்ததாம். வெளியே தூக்கியதும் பெரிய துரை சொன்ன ஒரே சொல், "ஏத்துங்கடா." விழுந்தவனை அதே குதிரையில் அதே நிமிடம் ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பயம் எலும்பில் இறங்கிவிடும் என்பது பெரிய வீடுகளில் வேதவாக்கு. ஏற்றினார்கள். பையனுக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குழி பறித்தது குதிரை இல்லை.

"அப்படின்னா வேற வேலைக்குப் போயிருக்கலாமே?" என்று கேட்பீர்கள். பிரபு வீட்டு இரண்டாவது பிள்ளைக்கு வேறு என்ன வேலை? அவர் ஒரு தடவை காலாட்படைக்குப் போகிறேன் என்று வாயெடுத்தார். "வெக்ஸ்கம் வீட்டுப் பிள்ள எவனும் சண்டைக்கு நடந்து போனதில்ல," என்று பெரிய துரை செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். பேச்சு அதோடு முடிந்தது.

ரெஜிமென்டில் குளிர்காலம் முழுக்க அதிகாரிகள் நரிவேட்டைக்குப் போக வேண்டும். லீவு கேட்காமலே கிடைக்கும். வருஷா வருஷம் கர்னல் எழுதும் அறிக்கையில் முதல் வரியே ஆள் எப்படி ஏறுகிறான் என்பதுதான். வேலியைத் தாண்டாமல் கதவைத் திறந்துகொண்டு சுற்றி வருகிறவனைச் சாப்பாட்டு மேஜையில் 'வாசல் காவலா' என்று கூப்பிடுவார்கள். எங்கள் கேப்டன் சேர்ந்த வருஷம் அப்படி ஒரு லெப்டினன்ட் மாட்டிக்கொண்டான். கூட இருந்தவர்களே அவன் கட்டில், மேஜை, துணிமணி எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் புல்தரையில் வீசினார்கள். ஒரு மாதத்தில் வேலையை விட்டுவிட்டுக் கனடா போனான்.

"அவன் பல் தேய்க்கிற பிரஷ் கூடப் புல்லுல கெடந்துச்சு ஈனாக்," என்று கேப்டன் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "எனக்கு அதுதான் கனவுல வருது."

பயம் தொற்றுநோய். அவரை ஏற்றிவிட்டு அவர் திரும்பி வரும்வரை எனக்கும் சோறு இறங்காது. அவர் விழுந்து செத்துப்போவார் என்று பாதிப் பயம். விழாமலே மாட்டிக்கொள்வார் என்று மீதிப் பயம்.

அந்தச் சிவப்பு நாடா என் மூளையில் உதித்தது. இதை மறைத்துப் பயனில்லை. வேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. உதைக்கிற குதிரையின் வாலில் சிவப்பு நாடா கட்ட வேண்டும். கட்டிய குதிரை எல்லோருக்கும் பின்னால்தான் நிற்க வேண்டும், கூட்டம் வேலியைத் தாண்டும் இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு போகக் கூடாது. ஒரு நவம்பர் காலை, வாளியின் முன் கேப்டன் எழுந்திருக்கவே முடியாமல் மண்டியிட்டிருந்தார்.

"இன்னிக்கு முடியாது ஈனாக். பன்னெண்டு வேலி. எண்ணிப் பாத்துட்டேன்."

"மார்ஜரிய எடுத்துக்குங்க தொர."

"அது கெழவி. அதுல போனா சிரிப்பானுங்க."

"சிரிக்க மாட்டானுங்க. கிட்டயே வர மாட்டானுங்க," என்று சொல்லி, என் சட்டைப்பையிலிருந்த சிவப்பு நாடாவை மார்ஜரியின் வாலில் கட்டினேன்.

மார்ஜரி பழுப்பு நிறப் பெண்குதிரை. தன் முதுகில் கோழி அடைகாத்தாலும் கோபப்படாது. நாடாவைக் கட்டும்போது கூடத் தூங்கிக்கொண்டிருந்தது. கேப்டன் முதலில் நாடாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றிலிருந்து இரண்டு வருஷம் நிம்மதியாகப் போயிற்று. கூட்டம் வேலி தாண்டும், அவர் பின்னால் நின்று காத்திருப்பார், எல்லோரும் போன பிறகு மெதுவாகக் கதவைத் திறந்துகொண்டு போவார். கேட்பாரில்லை. ஊர்க் குதிரைக்காரர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு, "யாரைப்பா உதைச்சுச்சு?" என்பார்கள். வேட்டை நாயை உதைத்தது என்று சொன்னால் அந்தக் குதிரையை அடுத்த நாளே விரட்டிவிடுவார்கள். அதனால், "பக்கத்து ஜில்லாவுல ஒரு மாவுமில்காரனுக்கு ரெண்டு விலா எலும்பு போச்சு," என்று அளந்துவிட்டேன். அடுத்த மாதம் அது நாலு விலா எலும்பாகி என் காதுக்கே திரும்பி வந்தது. 'வெக்ஸ்கம் பிசாசு மேல ஏறுற ஆளு' என்று பெயராகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எனக்கு உள்ளூரப் பெருமைதான். முட்டாள்.

பிறகு கல்யாணம் ஆயிற்று. ஹெஸ்டர் அம்மா பக்கத்து மாவட்டத்துப் பெரிய வீட்டுப் பெண். குதிரைமேல் உட்கார்ந்தால் குதிரையும் அவரும் வேறு வேறு என்று சொல்ல முடியாது. கல்யாணமான மூன்றாம் நாள் கேப்டன் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தைரியம் அதுதான். மறுநாள் காலை அந்த அம்மா லாயத்துக்கு வந்தார். பரிகாசம் செய்யப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மார்ஜரியின் பின்னால் போய் நின்று, அதன் தொடையில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினார்.

"இந்தப் பிசாசா ஈனாக்?"

"ஆமாம்மா."

"நல்ல வேலை பண்ணியிருக்கே. இனிமே இந்த ரகசியத்துக்கு நாம மூணு பேரு."

அதன் பிறகு வேட்டைக் கூட்டத்தில் அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. சிவப்பு நாடாவைக் கண்டு எல்லோரும் பத்து கெஜம் விலகி நிற்பார்கள். ஹெஸ்டர் அம்மா மட்டும் பின்னாலிருந்து நேரே வந்து, சவுக்குக் காம்பால் மார்ஜரியின் முதுகில் தட்டி, "சௌக்கியமா பிசாசே?" என்பார். நானும் சும்மா இருக்க மாட்டேன். பார்ப்பவர்களுக்காக, "அம்மா, கிட்ட போகாதீங்க! ஒதைக்கும்!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். அவர் சிரிப்பார். கேப்டனும் சிரிப்பார். அவர் குதிரைமேல் இருந்து சிரித்தது அந்த நேரங்களில் மட்டும்தான்.

புலி வாலைப் பிடித்தவன் விட முடியாது. 1912 டிசம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை, கர்னல் காரவே எங்கள் லாயத்து முற்றத்துக்கு வந்தார். அவர் பின்னால் இரண்டு சிப்பாய்கள் இரு பக்கமும் கயிறு பிடித்து ஒரு குதிரையைக் கொண்டுவந்தார்கள். பெயர் பிஷப். ரெஜிமென்டின் லாடக்காரனுக்கு இடுப்பை உடைத்தது இதுதான். நிறம் பழுப்பு, உயரமும் மார்ஜரி அளவுதான்.

"வெக்ஸ்கம்! ஒனக்கு ஒரு பரிசு கொண்டாந்திருக்கேன்யா," என்றார் கர்னல். "இத அடக்க இந்த ரெஜிமென்டுல வேற எவனால முடியும்? சனிக்கெழம ஜெனரல் வேட்டைக்கு வர்றாரு. எங்க ஆளுங்க எப்பேர்ப்பட்டவங்கன்னு அவரு பாக்கட்டும்."

"ரொம்ப சந்தோஷம் கர்னல்," என்றார் கேப்டன்.

கர்னல் போனதும் அவர் வைக்கோலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உதடு சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. ஹெஸ்டர் அம்மா அப்போது வடக்கே நோயாளித் தாயாரைப் பார்க்கப் போயிருந்தார். திங்கட்கிழமைதான் திரும்புவதாக இருந்தது.

"அம்மாவுக்கு ஒரு தந்தி குடுக்கட்டுமா தொர?"

"வேணாம். வந்தா கர்னல் மொகத்துக்கு நேரா சண்ட போடுவா. எல்லாம் வெளிய வந்துரும். ஒரு வார்த்த வெளிய போகக் கூடாது. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் விடியும் முன்னே பிஷப்பின் மேல் ஏறி, அதன் வேகம் அடங்கட்டும் என்று நான் ஓட்டினேன். வேகம் அடங்கவில்லை. என் கைத்தோல்தான் உரிந்தது. சனிக்கிழமை வாளியிலிருந்து நிமிர்ந்த கேப்டன், "ஹெஸ்டருக்கு ஒரு கடுதாசி எழுதி மேஜையில வெச்சிருக்கேன். எனக்கு ஏதாச்சும் ஆனா குடு," என்றார். பிஷப்பின் வாலில் நான் நாடா கட்டினேன். அதே நாடா. முதல் தடவையாக அது உண்மையைச் சொல்லிக்கொண்டு தொங்கியது.

பெரிய வேட்டைகளில் ஒவ்வொரு துரைக்கும் மாற்றுக் குதிரை ஒன்றைக் குதிரைக்காரன் பாதை வழியே மெதுவாகக் கொண்டுவருவான். அன்றைக்கு மாற்றுக் குதிரையாக நான் கொண்டுபோனது மார்ஜரியை, நாடா இல்லாமல். நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் நாய்கள் ஒரு காட்டுக்குள் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தன. கூட்டமெல்லாம் காட்டோரப் புல்வெளியில் காத்து நின்றது. நான் உயரமான வேலிக்கு இந்தப் பக்கம், பாதையில் இருந்தேன். மார்ஜரி புல் மேய, நான் மண்மேட்டில் ஏறி வேலிக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேப்டன் எல்லோருக்கும் பின்னால் தனியாக நின்றார். பலகை மாதிரி விறைத்திருந்தார். பிஷப் காதுகளைப் பின்னுக்கு மடித்திருந்தது. பதினைந்து கெஜம் தள்ளி, கர்னலும் ஜெனரலும் அவரையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம், அதற்குப் பிறகு குதிரையை மாற்றிவிடலாம் என்று நான் மனதுக்குள் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போது புல்வெளியின் கோடிக் கதவு திறந்தது. ஹெஸ்டர் அம்மா.

தாயாருக்கு உடம்பு தேறிவிட்டது, கணவருக்கு ஆச்சரியம் கொடுக்க வேண்டும் என்று காலை ரயிலில் வந்து இறங்கி, தன் குதிரையில் நேரே வந்துவிட்டார். லாயத்தில் மார்ஜரி இல்லாததைப் பார்த்திருக்கிறார். கேப்டன் மார்ஜரியில்தான் போயிருக்கிறார் என்று நினைத்திருக்கிறார். வேறு எப்படி நினைப்பார்? முன்னால் பழுப்புக் குதிரை, தொடை வரை சேறு, வாலில் நான் கட்டிய நாடா.

வேலிக்கு மேலே என் தலை தெரிந்தது அவருக்கு. சிரித்துக்கொண்டே உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று சைகை காட்டினார்.

நான் வாயைத் திறந்தேன்.

என்ன கத்துவது? 'கிட்ட போகாதீங்க, ஒதைக்கும்' என்றால் சிரிப்பார். நூறு தடவை கத்திய பொய் அது. அவரை நிறுத்தக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: அது மார்ஜரி இல்லை, உண்மையாகவே உதைக்கும். அதைக் கத்தினால் ஜெனரல் காதில் விழும், கர்னல் காதில் விழும். அப்படியானால் மார்ஜரி உதைக்காதா, இத்தனை வருஷமாக ஏன் நாடா என்று கேட்பார்கள். புல்தரையில் கிடந்த பிரஷ் என் கண் முன்னால் வந்தது. சத்தியம் பண்ணியது ஞாபகம் வந்தது. நான் வாயை மூடினேன்.

ஒரு மூச்சு விடும் நேரம்தான். அதற்குமேல் இல்லை. மறுபடி வாயைத் திறந்தபோது அவர் சவுக்குக் காம்பை ஓங்கிவிட்டார்.

"சௌக்கியமா பிசா—"

பிஷப்பின் இரண்டு பின்னங்கால்களும் சேர்ந்து எழும்பின. பெண்கள் பக்கவாட்டுச் சேணத்தில் உட்காருவதால் இரண்டு கால்களும் இடது பக்கம்தான் இருக்கும். கீழே தொங்கிய கால் அந்த லாடங்களுக்கு எதிரில் இருந்தது. எலும்பு உடைந்த சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. அம்மா சேணத்திலிருந்து சரிந்து சேற்றில் விழுந்தார். மார்ஜரி மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்த்தது.

கேப்டன் பிஷப்பின் கால்களுக்கு நடுவிலேயே குதித்து இறங்கினார். அந்தக் கால்களை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. சேற்றில் மண்டியிட்டு அம்மாவின் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். நான் வேலியைக் கிழித்துக்கொண்டு ஓடிப்போனேன். கூட்டமெல்லாம் சுற்றி நின்றது.

"எல்லாம் பொய்!" என்று கத்தினார் கேப்டன். "மார்ஜரி ஒரு ஈயைக் கூட ஒதைச்சதில்ல! நான் பயந்தாங்கொள்ளி! குதிரன்னா எனக்குப் பயம்! அதுக்குத்தான் நாடா! கேட்டுக்குங்க எல்லாரும், நான் பயந்தாங்கொள்ளி!"

கர்னல் அவர் தோளில் கை வைத்து, "பாவம், அதிர்ச்சியில என்னென்னவோ ஒளர்றான்," என்றார். ஜெனரல் தொப்பியைக் கழற்றினார். "பிஷப் காலுக்கு நடுவுல குதிச்சதப் பாத்தீங்களாய்யா? இந்த மாதிரி ஆளுங்கதான் நமக்கு வேணும்."

இத்தனை வருஷம் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய ரகசியத்தை அவரே வாய்விட்டுச் சொன்னார். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. எந்தப் பயத்துக்காக நான் வாயை மூடினேனோ, அந்தப் பயத்துக்கே அர்த்தமில்லாமல் போயிற்று.

நாலாம் நாள் டாக்டர்கள் அம்மாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் ஒன்பது நாள் எரிந்தது. அந்த ஒன்பது நாளும் சாவு விழுந்தால் இழுத்து மூடும் மாடி ஜன்னலின் திரை மூடிவிடுமோ என்று முற்றத்திலிருந்து பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். பிஷப்பைச் சுட்டுவிடவா என்று கர்னல் ஆள் அனுப்பிக் கேட்டார். "அது என்ன தப்பு பண்ணுச்சு? நாடா கட்டியிருந்தோமே," என்றார் கேப்டன். ராஜினாமா எழுதிக் கொடுத்தார். கர்னல் அதைக் கிழித்துப்போட்டு, "பொண்டாட்டிக்கு அடிபட்டதுக்கு எவனாச்சும் வேலைய விடுவானாய்யா?" என்று கேட்டாராம். ஹெஸ்டர் அம்மா பிழைத்து எழுந்தார். கட்டைக்கால் வைத்துக்கொண்டு நடக்கப் பழகினார். என்னிடம் எப்போதும் போலத்தான் பேசினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

1914 ஆகஸ்டில் ரெஜிமென்ட் பிரான்சுக்குப் போயிற்று. நானும் போனேன். வாளியையும் எடுத்துக்கொண்டுதான். செப்டம்பரில் ஒரு காலை, ஓர் ஆப்பிள் தோட்டத்தில், முன்னால் இருக்கும் பாலத்தில் எதிரி இருக்கிறானா என்று எட்டுப் பேரோடு யாராவது போய்ப் பார்த்துவர வேண்டியிருந்தது. கர்னல் சுற்றிப் பார்க்கக் கூட இல்லை. "வெக்ஸ்கம் போவான். அவனுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது."

கேப்டன் ஆப்பிள் மரத்துக்குப் பின்னால் வந்தார். நான் வாளியைப் பிடித்தேன். வெகுநேரம் குனிந்திருந்தார். மிட்டாய் தீர்ந்து போயிருந்தது. ஓர் ஆப்பிளைத் துடைத்துக் கொடுத்தேன்.

"நாடா இருக்கா ஈனாக்?" என்று கேட்டுச் சிரிக்கப் பார்த்தார்.

"இல்ல தொர."

"இருந்தாலும் பாலத்துல இருக்கறவனுங்களுக்கு அது என்ன தெரியும்," என்று சொல்லிவிட்டு ஏறினார். கையுறை போட மறந்திருந்தார். கை நடுங்கியதை அந்த எட்டுப் பேரும் பார்த்திருப்பார்கள். அரை மணி நேரம் கழித்து அவர் குதிரை மட்டும் திரும்பி வந்தது.

சண்டை முடிந்த மறு வருஷம் தார்ன்லா தேவாலயத்துச் சுவரில் பெரிய துரை ஒரு பித்தளைத் தகடு பதித்தார். 'கேப்டன் ஆப்ரி வெக்ஸ்கம். அச்சம் என்பதை அறியாதவர்.' பிரார்த்தனை முடிந்து எல்லோரும் போன பிறகு ஹெஸ்டர் அம்மா அதன் முன்னால் தடியை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார். வண்டிக்குக் கூட்டிப்போக நான் வாசலில் காத்திருந்தேன். கூப்பிட்டார். போனேன்.

"எழுதியிருக்கறதப் பாத்தியா?"

"பாத்தேம்மா."

"எல்லாத்துக்கும் பயந்தாரு. தெனமும் பயந்தாரு." பிறகு தகட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "அன்னிக்கு வேலிக்கு மேல நீ வாயத் தொறந்தே ஈனாக். அப்பறம் மூடிட்டே. நான் பாத்தேன். என்ன சொல்ல வந்தே?"

ஏழு வருஷமாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அது. பிரான்சில் குண்டு விழுந்தபோது கூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை.

"'அது மார்ஜரி இல்லம்மா, நெசமாவே ஒதைக்கும்'னு."

அவர் உதடு அசைந்தது. எண்ணிப் பார்த்தார்.

"அஞ்சு வார்த்த," என்றார்.

தடியை ஊன்றி, கட்டைக்கால் கல்தரையில் டொக் டொக்கென்று சத்தமிட, வாசலை நோக்கி நடந்தார். நானும் பின்னால் போனேன், பத்து கெஜம் தள்ளி.